இரண்டு விமானங்கள், இரண்டு தலைப்புகள்: 1983-இலும் 1988-இலும் அமெரிக்க நாளிதழ் மொழி

1983 செப்டம்பர் 2-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கொரியப் பயணி விமானத்தை சோவியத் வீழ்த்தியது என்கிறது அமெரிக்கா, 269 உயிர்கள் இழப்பு, வெறிச்செயல் என ரீகன் கண்டனம்.’

1988 ஜூலை 4-ஆம் தேதி அதே நாளிதழ், அதே இடம்: ‘எஃப்-14 எனத் தவறாக எண்ணி இரான் பயணி விமானத்தை அமெரிக்கா வீழ்த்தியது, 290 பேர் இறந்ததாகத் தகவல், துயரம் என்கிறார் ரீகன், நடவடிக்கை சரியே என வாதம்.’ (எஃப்-14 என்பது ஒரு போர் விமானம்.)

நாளிதழ் மொழி ஒரு அயல்நாட்டின் முகத்தை எப்படி வரைகிறது என்பதைப் படிக்க இதைவிடத் தெளிவான ஒரு இணையை நான் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு வல்லரசுகளின் ராணுவங்கள், ஆயுதமில்லாத இரண்டு பயணி விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. செய்தி எழுதியவர்களும் அதே நாளிதழ்களைச் சேர்ந்தவர்கள்தான், ஜனாதிபதியும் அதே ரீகன்தான். ஆனால் ஒன்று ஒரு நாட்டின் குணத்துக்குச் சாட்சியாயிற்று, மற்றது ஒரு காலை நேரத்து விபத்தாகப் பதிவாயிற்று.

முதலில் நடந்தவை.

கொரியன் ஏர் லைன்ஸ் 007, நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக சோல் செல்லும் போயிங் 747. ஆங்கரேஜில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பாதை பிசகத் தொடங்கியது. தானியங்கி விமான ஓட்டியைச் சரியான நிலைக்கு மாற்றாமல் விட்டதுதான் காரணம் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பின்னாளில் முடிவு செய்தது. பல மணி நேரத்தில் அந்தப் பிசகு 500 கிலோமீட்டரைத் தாண்டியது. கம்சாட்கா தீபகற்பத்தைக் கடந்து சக்காலின் தீவுக்கு மேலே வந்தபோது, விடிவதற்கு முன், சோவியத் விமானி கெனாடி ஒசிபோவிச் தன் சுகோய்-15-இலிருந்து ஏவுகணைகளை ஏவினார். அதற்கு முன் எச்சரிக்கையாகப் பீரங்கியால் சுட்டிருந்தார், ஆனால் அவை இருட்டில் ஒளிராத குண்டுகள். ஜம்போ விமானத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

இரான் ஏர் 655, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்கு அரை மணிக்கும் குறைவான பயணம். 1988 ஜூலை 3, பட்டப்பகல். இரான்–இராக் போரின் கடைசி மாதங்கள். ஹோர்முஸ் நீரிணையில் யு.எஸ்.எஸ். வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் இரானியச் சிறு படகுகளோடு சண்டையில் இருந்தது. விமானம் நேர அட்டவணைக்கு 27 நிமிடம் தாமதமாகக் கிளம்பி, வழக்கமான வான்தடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் வில்லியம் ரோஜர்ஸின் உத்தரவில் இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. இறந்த 290 பேரில் 60-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

இப்போது தலைப்புகளுக்குத் திரும்பலாம்.

ஊடக மொழி பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக முதலில் தேடுவது எழுவாயைத்தான். ‘வீழ்த்தியது’ என்று எழுதாமல் ‘வீழ்ந்தது’ என்று எழுதினார்களா? செய்தவரை மறைத்தார்களா? தமிழில் இந்த வித்தை இன்னும் எளிது. விழுந்தது, வீழ்ந்தது, வெடித்தது என்று தன்வினையில் எழுதிவிட்டால் செய்தவர் இருந்த தடமே இருக்காது. ஆனால் இந்த இரண்டு தலைப்புகளிலும் எழுவாய் மறையவில்லை. ‘சோவியத் வீழ்த்தியது’, ‘அமெரிக்கா வீழ்த்தியது’. இரண்டும் செய்வினை. இன்னும் சொன்னால், 1983 தலைப்பில் ‘என்கிறது அமெரிக்கா’ என்ற கவனமும் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் 1983 தலைப்பே பத்திரிகை ஒழுங்குக்கு இன்னும் நெருக்கமானது.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ‘எஃப்-14 எனத் தவறாக எண்ணி.’ இந்த நான்கு சொற்கள்தான் 1988 தலைப்பின் உயிர்நாடி. என்ன நடந்தது என்று வாசகர் உள்வாங்குவதற்குள் ஏன் நடந்தது என்ற விளக்கமும் கையில் வந்துவிடுகிறது. சுட்டவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்பது அந்த விளக்கம். அதைச் சொன்னது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், ஆனால் தலைப்பில் ‘என்கிறது பென்டகன்’ இல்லை. நடந்த செயலோடு ஒட்டிய உண்மையாகவே அது நின்றது. 1983-இலோ, சுட்டவரின் மனதைப் பற்றி வாசகருக்குக் கிடைத்த ஒரே தகவல் ரீகனின் வாயிலிருந்து வந்த ‘வெறிச்செயல்’. ஒருவருக்குக் காரணம் கிடைத்தது, மற்றவருக்குக் காரணமின்மையே காரணமாயிற்று.

‘உயிர்கள் இழப்பு’, ‘இறந்ததாகத் தகவல்’ என்ற வேறுபாட்டைச் சிலர் பெரிதாகப் பேசக்கூடும். நான் அதில் அதிகம் தங்கமாட்டேன். 1983-இல் விமானம் கடலில் போயிருந்தது, உடல்கள் கைக்கு வரவில்லை. அந்தச் சொல் துல்லியத்துக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு சொல்லிலும் சதியைத் தேடினால் ஆய்வு கெட்டுவிடும்.

தலைப்புக்குக் கீழே போனால் என்ன? அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு நிகழ்வுகளையும்தான் எடுத்துக்கொண்டது. டைம், நியூஸ்வீக், நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மாலைச் செய்தி ஆகியவற்றை அவர் ஒப்பிட்டார். அளவிலேயே வேறுபாடு தொடங்கியது. முதல் இரண்டு வாரங்களில் நியூயார்க் டைம்ஸ் கொரிய விமானத்தைப் பற்றி 286 செய்திகளும் இரானிய விமானத்தைப் பற்றி 102 செய்திகளும் வெளியிட்டது. வாஷிங்டன் போஸ்டில் அது 169-க்கு 82. நியூஸ்வீக்கின் அட்டைப்படத் தலைப்பு 1983-இல் ‘வானில் கொலை’, 1988-இல் ‘ஏன் நடந்தது?’. ஒரு பக்கம் தீர்ப்பு, மறு பக்கம் கேள்வி. கொலை என்று சொன்ன பிறகு ‘ஏன்’ என்று கேட்க யாருக்கும் தோன்றாது. ‘ஏன் நடந்தது’ என்று கேட்கத் தொடங்கினால், ‘கொலை’ என்ற சொல் அந்த உரையாடலுக்குள் வரவே இடமில்லை.

அப்புறம், எழுவாய் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். மறையவில்லை என்று சொன்னேன். ஆனால் நாள் செல்லச் செல்ல அது அளவில் மாறியது. 1983 செய்திகளில் சுட்டது ‘சோவியத்’, ‘மாஸ்கோ’, ‘கிரெம்ளின்’. ஒசிபோவிச் என்ற பெயரே வெளியில் வர ஆண்டுகள் ஆயின. சுகோய்க்குள் இருந்த மனிதரும், தரையிலிருந்து கட்டளையிட்ட அதிகாரியும், அங்கே நிலவிய குழப்பமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துபோயின. ஒரு நாடு முழுவதும் ஒரே ஆளாகி, ஒரே விரலால் விசையை அழுத்தியது. 1988-இல் நேர்மாறு. முதல் நாள் ‘அமெரிக்கா’ என்றிருந்த எழுவாய், அடுத்த நாட்களில் ‘வின்சென்ஸ்’ ஆகி, பிறகு ‘கேப்டன் ரோஜர்ஸ்’ ஆகி, கடைசியில் ‘ஏஜிஸ்’ என்ற ராடார், கணினி அமைப்பில் போய் நின்றது. பொறுப்பு நாட்டிலிருந்து கப்பலுக்கும், அங்கிருந்து மனிதருக்கும், கடைசியாக இயந்திரத்துக்கும் இறங்கியது.

1988-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய ஒரு தலையங்கத்தின் தலைப்பின் பொருள் ‘கேப்டன் ரோஜர்ஸின் இடத்தில் நின்று’ என்பது. வாசகரே, நீங்கள் அந்தக் கப்பலில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற அழைப்பு அது. அந்த அழைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள அதுதான் நேர்மையான வழி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே பக்கத்தில் ‘எந்த நாடும் தீங்கற்ற பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதற்கு எந்தச் சாக்கும் இருக்க முடியாது’ என்ற பொருளில் தலையங்கம் தொடங்கியது. அந்த வாக்கியமும் சரியானதுதான். ‘எந்த நாடும்’ என்றுதான் எழுதினார்கள். 1988 ஜூலையில் அந்தச் சொற்களை யாரும் எடுத்துவந்து மறுபடி அச்சிடவில்லை என்பதுதான் என் மனதை அறுக்கிறது. 1988 தலையங்கம் நடந்ததைப் பயங்கரமானது என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அது விபத்து என்று சொன்னது.

சரி, இதற்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் நானும் அதே தவறைச் செய்தவனாவேன்.

அமெரிக்கா அன்றே ஒப்புக்கொண்டது, சோவியத் முதலில் மறுத்தது. சோவியத் அரசுச் செய்தி நிறுவனமான டாஸின் முதல் அறிக்கை, அடையாளம் தெரியாத விமானம் ஒன்று எல்லைக்குள் நுழைந்து, பிறகு ஜப்பான் கடலை நோக்கிப் பறந்து சென்றதாகச் சொன்னது. செப்டம்பர் 6-ஆம் தேதிதான் ஒப்புதல் வந்தது. அதிலும் போர் விமானங்கள் ‘பறப்பை நிறுத்தும் கட்டளையை நிறைவேற்றின’ என்ற வாசகம். 269 உயிர்கள் ‘பறப்பை நிறுத்துதல்’ என்ற ஒரு பெயர்ச்சொல்லுக்குள் அடக்கம் செய்யப்பட்டன. அந்த மொழியைப் படித்த எவருக்கும் கோபம் வரும், வரவும் வேண்டும். கறுப்புப் பெட்டிகளைக் கடலிலிருந்து எடுத்து, எடுக்கவே இல்லை என்று ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் மறைத்தது சோவியத் அரசு. ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் ஆட்சியில், 1992-இல்தான் அது வெளியே வந்தது.

1983-இல் இறந்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் அமெரிக்கர்கள், ஒருவர் பதவியிலிருந்த அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர். தங்கள் மக்களின் இறப்பை ஒரு நாட்டின் நாளிதழ்கள் அதிகம் எழுதுவது இயல்பு. 1988-இல் கப்பல் சண்டையின் நடுவில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் யு.எஸ்.எஸ். ஸ்டார்க் கப்பலை இராக்கிய ஏவுகணை தாக்கி 37 மாலுமிகள் இறந்திருந்தார்கள். பயம் உண்மையானது.

இவை எல்லாம் உண்மை. ஆனால் மொழியின் வேறுபாட்டை இவை முழுக்க விளக்குவதில்லை, ஏனென்றால் தகவல்கள் மாறியபோதும் சொற்கள் மாறவில்லை.

1983 அக்டோபர் 7-ஆம் தேதியே, சோவியத் விமானிக்கு அது பயணி விமானம் என்று தெரிந்திருக்கவில்லை என அமெரிக்க உளவு நிபுணர்கள் கருதுவதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அன்று இரவு அந்தப் பகுதியில் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் பறந்திருந்தது. அதாவது ‘தவறாக எண்ணி’ என்ற சொற்களுக்கு அங்கேயும் இடம் இருந்தது. (பல ஆண்டுகள் கழித்து ஒசிபோவிச், அது பயணி விமான வகை என்பதைத் தான் கவனித்ததாகப் பேட்டிகளில் சொன்னார். அதைத் தரைக்குத் தெரிவிக்கவில்லை என்றும் சொன்னார். இது செயலை இன்னும் கனமாக்குகிறது. ஆனால் 1983 செப்டம்பரில் எழுதியவர்கள் யாரிடமும் இந்தத் தகவல் இல்லை.) ஐந்து வாரம் கழித்து வந்த அந்தச் செய்தி எதையும் அசைக்கவில்லை. அதற்குள் காங்கிரஸின் இரு அவைகளும் ஒரு எதிர்வாக்குகூட இல்லாமல் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. சில மாநிலங்களில் ரஷ்ய வோட்காவைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி ரீகன் தொலைக்காட்சியில் ‘படுகொலை’, ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்’ என்று சொல்லியிருந்தார். அவர் பேசியதைச் செய்தியாக்குவது நாளிதழின் கடமை. மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டிய சொல் குறியைக் கழற்றிவிட்டு நாளிதழின் சொந்தச் சொல்லாகும் இடம்தான் சிக்கல். அப்படிக் கழன்ற சொல் பிறகு திரும்பிப் போவதில்லை.

இப்போது 1988. முதல் நாள் பென்டகன் சொன்னவை மூன்று: விமானம் வணிக வான்தடத்துக்கு வெளியே இருந்தது, கப்பலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, ராணுவ விமானத்துக்குரிய அடையாளச் சமிக்ஞையை அனுப்பியது. மூன்றும் தவறு. சில வாரங்களில், ஆகஸ்ட் மாதம் வெளியான அமெரிக்கக் கடற்படையின் சொந்த விசாரணை அறிக்கையே அதைச் சொன்னது. விமானம் தடத்துக்குள் இருந்தது, ஏறிக்கொண்டிருந்தது, பயணி விமானச் சமிக்ஞைதான் அனுப்பியது. ஏஜிஸ் அமைப்பு இதை எல்லாம் சரியாகவே பதிவு செய்திருந்தது. தவறாக வாசித்தவர்கள் மனிதர்கள். ஜூலை முழுவதும் இயந்திரத்தின் வரம்புகளைப் பற்றி எழுதிய பத்திகள், பிழையே செய்யாத ஒன்றைக் குற்றவாளியாக்கியிருந்தன.

அந்த அறிக்கையில் ஒரு கருத்து வருகிறது. மாலுமிகள் முன்கூட்டியே ஒரு காட்சியை மனதில் வரைந்துகொண்டார்கள், பிறகு வந்த தகவல்களை எல்லாம் அந்தக் காட்சிக்குள் பொருத்திக்கொண்டார்கள். திரையில் ‘ஏறுகிறது’ என்று எண்கள் காட்டியபோதும் அவர்கள் ‘இறங்குகிறது’ என்று கூவினார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கப்பலின் அறை மட்டும் நினைவுக்கு வரவில்லை, செய்தி அறையும் வந்தது. இரான் என்றால் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தின் 444 நாள் பிணைக்கைதிகள், கோஷமிடும் கூட்டம் என்ற படம் அமெரிக்க வாசகர் மனதில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் படத்துக்குள் ஒரு பயணி விமானம் வந்தால் அது எப்படித் தெரியும்? விமானி தற்கொலைத் தாக்குதலுக்கு வந்திருக்கலாம் என்ற ஊகம்கூட அந்த நாட்களில் அச்சேறியது. நேர அட்டவணைப்படி ஓடும் ஒரு விமானத்தின் விமானியைப் பற்றி, அவர் இறந்த பிறகு.

ஜூலை 14-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையில் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், சண்டை நடக்கும் இடத்துக்கு மேலே பயணி விமானத்தைப் போகவிட்டது இரானின் பொறுப்பற்ற செயல் என்றார். பொறுப்பில்லாமை என்ற குணம், சுட்டவரை விட்டுச் சுடப்பட்டவரிடம் வந்து சேர்ந்தது. சோவியத் தளபதி ஒகார்கோவும் 1983 செப்டம்பரில் நிருபர்கள் முன் நின்று கிட்டத்தட்ட இதே வாதத்தைத்தான் வைத்தார்: எல்லைக்குள் விமானத்தை அனுப்பியவர்களே பொறுப்பு என்று. அவர் சொன்னபோது அது வெட்கமற்ற சாக்காகத் தெரிந்தது.

வின்சென்ஸ் அன்று இரானின் கடல் எல்லைக்குள்ளேயே இருந்தது என்பதை அமெரிக்கத் தரப்பு வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆகவேண்டியிருந்தது. அதே ஆண்டுதான் மாஸ்கோ கறுப்புப் பெட்டிகளைப் பற்றி ஒப்புக்கொண்டது. இரண்டு அரசுகளும் மறைத்தன. ஆனால் ‘மறைக்கிற நாடு’ என்ற முகம் ஒன்றுக்குத்தான் ஒட்டியது. 1992 செய்தியை நியூஸ்வீக்கும் ஏ.பி.சி. தொலைக்காட்சியும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தன. அமெரிக்கச் செய்தியாளர்கள்தான் அதைச் செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அது நான்கு ஆண்டு தாமதம். 1988 ஜூலையில் உருவான படத்தை வைத்திருந்த வாசகர்களில் எத்தனை பேர் திரும்பிவந்து படித்திருப்பார்கள்?

ரோஜர்ஸ் 1990-இல் தன் பணிக்காலத்துக்காக ‘லீஜன் ஆஃப் மெரிட்’ பதக்கம் பெற்றார். இரானில் அந்தப் பதக்கம்தான் இன்றுவரை பேசப்படுகிறது. 1996-இல் அமெரிக்கா இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6.18 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, சட்டப் பொறுப்பை ஏற்காமல். இரானில் ஜூலை 3 ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூரப்படுகிறது, அங்கே அந்த நிகழ்வின் பெயர் விபத்து அல்ல. 1988-இல் அமெரிக்க வாசகருக்கு இரானைப் பற்றி ஒரு படம் உருவானது போலவே, இரானிய வாசகருக்கு அமெரிக்காவைப் பற்றியும் ஒரு படம் உருவானது. அதை எழுதியவர்களும் சொற்களைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்கள் பக்கத்தில் ‘தவறாக எண்ணி’ இல்லவே இல்லை.

2020 ஜனவரி 6-ஆம் தேதி, போர் மூளும் என்ற பதற்றத்தின் நடுவில், இரான் ஜனாதிபதி ரூஹானி 290 என்ற எண்ணை நினைவில் வையுங்கள் என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் மிரட்டலுக்குப் பொதுவில் பதில் எழுதினார். ஜனவரி 8-ஆம் தேதி அதிகாலை, டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணி விமானத்தை இரானின் புரட்சிப் படை சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் இரானியர்களே. மூன்று நாள் மறுத்த பிறகு ஒப்புதல் வந்தது: மனிதப் பிழை. க்ரூஸ் ஏவுகணை எனத் தவறாக எண்ணி. முடிவெடுக்கப் பத்து வினாடிகள்தான் இருந்தன என்றார் படையின் வான்பிரிவுத் தளபதி. டெஹ்ரான் தெருக்களில் கூடிய மாணவர்கள் அந்தச் சொற்களை ஏற்கவில்லை. ‘பொய் சொல்கிறார்கள்’ என்று முழங்கினார்கள்.